குரலைக் கேலி செய்யாதீர்கள்!

கவிதை, பெரிய புலவர்களுக்கு மட்டும்தான் சொந்தமா?

இல்லை என்று செய்து காட்டினார், ஒரு கட்டிடத் தொழிலாளி. அவர் பெயர் மார்க் ஸ்மித். ஊர், அமெரிக்காவில் உள்ள சிகாகோ.

1986-ம் ஆண்டில், "கிரீன் மில்" என்ற மதுக்கூடத்தில் அவர் ஒரு கவிதைப் போட்டியைத் தொடங்கினார். மார்க்கு போட்டவர்கள் யார் தெரியுமா? கூட்டத்தில் உட்கார்ந்து இருந்த சாதாரண மக்கள்!

இந்தப் போட்டி பல ஊர்களுக்கும் பரவியது. 1990-ம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் தேசியப் போட்டியே நடந்தது.

சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். 3 நிமிடத்தில் முடிக்க வேண்டும். வேஷம் கூடாது. வாத்தியம் கூடாது. குரல் ஒன்றுதான் துணை!

ஒருவர் குரல் போல இன்னொருவர் குரல் இருப்பது இல்லை. ஏன்?

நாம் பேசும்போது, மூச்சுக் காற்று பட்டு, தொண்டையில் உள்ள இரண்டு மெல்லிய மடிப்புகள் அதிருகின்றன. ஆண் பேசினால் நொடிக்குச் சுமார் 120 தடவை. பெண் பேசினால் சுமார் 200 தடவை. அந்த ஓசையைப் பேச்சாக ஆக்குபவை வாய், நாக்கு, பல், மூக்கு. இவை ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான், கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாலும், "இன்னார்" என்று தெரிந்துவிடுகிறது.

குரல் வேறாக இருப்பது இயற்கை. ஆனால் கீச்சுக் குரல் என்றும், கட்டைக் குரல் என்றும், திக்குவாய் என்றும் சிரிக்கிறோம். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட குழந்தைகள் எத்தனை பேர்!

அமண்டா கோர்மன் என்ற கறுப்பு இனப் பெண்ணுக்குச் சிறு வயதில் பேச்சுக் குறை இருந்தது. "ர" என்ற ஓசை சரியாக வராது. அந்த ஓசை நிறைந்த பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகினார். 2021-ம் ஆண்டு ஜனவரி 20-ந்தேதி ஜோ பைடன் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அந்த விழாவில் கோர்மன் தன் கவிதையைச் சொன்னார். உலகமே கேட்டது. அப்போது அவருக்கு வயது 22!

"அப்படியானால், தவறான உச்சரிப்பைத் திருத்த வேண்டாமா?" என்று கேட்கலாம்.

திருத்துங்கள். பலர் முன்னால் அல்ல. தனியாக அழைத்து, அன்பாகச் சொல்லுங்கள். குழந்தை சொல்ல வந்ததை முதலில் முழுக்கக் கேளுங்கள். பிறகு திருத்துங்கள்.

உச்சரிப்பு, பழகப் பழக வந்துவிடும். பேசும் தைரியம் போய்விட்டால், அது திரும்பி வருவது கடினம்!