பிசிகல்னா டிரில் மாஸ்டரா?

பிளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்கைச் சொன்னால் நீங்கள் உடனே ஜோக்ஸ் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் வேண்டாம். பி.காம். கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஸயன்ஸ் இருந்த கட்டடத்துக்குள் வாட்ச்மேனே விடவில்லை. 1992 ஜூலையில், சென்னையில் ஒரு காலேஜ் ஆபீஸ் ஜன்னலுக்குள் அப்ளிகேஷனை நீட்டினேன். உள்ளே இருந்த கிளார்க், ''ஜியாகிரபி ஒண்ணுதான் பாக்கி. வேணுமா, வேணாமா?'' என்றார், கடைசி பஸ் கண்டக்டர் மாதிரி. ஏறிவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஊரிலிருந்து மாமா வந்திருந்தார்.

''முதல் வருஷம் பிசிகல் ஜியாகிரபி'' என்றேன், கொஞ்சம் கெத்தாக.

''பிசிகல்னா? டிரில் மாஸ்டர் வேலையா?'' என்றார் மாமா.

அம்மா ஆவலாக, ''விசில் அவங்களே குடுத்துடுவாங்களா?'' என்றாள்.

அப்பா அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். எந்த ஃபைலையும் ஒரே வரியில் மூடக்கூடியவர். ''அஞ்சாங் கிளாஸ்லயே பூகோளம் படிச்சாச்சே! பூமி உருண்டைன்னாங்க. அதுல எதுவும் திருத்தம் வந்திருக்கா?'' என்று கேட்டுவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அவருக்கு அப்போது வேறு கவலை. தாம்பரம் பக்கத்தில் ஒரு கிரவுண்டு மனைக்கு ஆடி பிறப்பதற்கு முன் பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். பி.எஃப். லோன் போட்டாகிவிட்டது. ஆவணியில் ரிஜிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஓசி வேனில் எங்களை எல்லாம் கூட்டிப்போய், வெள்ளையடித்த கல்லையெல்லாம் காட்டி, லெமன் சாதப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். ''பாருங்க ஸார், எவ்ளோ ஃப்ளாட்டு! ஒரு லோடு மண்ணுகூட அடிக்க வேணாம்'' என்றார் புரோக்கர். வாஸ்தவம். கேரம் போர்டு மாதிரி இருந்தது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அம்மா குனிந்து எதையோ பொறுக்கி, ''இங்க ஏதுங்க இவ்ளோ நத்தை ஓடு?'' என்று கேட்டாள். ''பசங்க விளையாடக் கொண்டாந்து போட்டிருக்கும்மா'' என்றார் அந்த மகானுபாவர், கண்ணைக்கூட இமைக்காமல்.

இது நிற்க. காலேஜுக்கு வருவோம்.

முதல் வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். முப்பதும் வேறு ஏதாவது டிபார்ட்மென்ட்டிலிருந்து துரத்தப்பட்ட அகதிகள். 'குளோப் ஸார்' உள்ளே வந்தார். (பெயர்க் காரணம் அவருடைய வயிறு. சீனியர்கள் வைத்தது.) ''ஜியாகிரபி வேணும்னு ஆசைப்பட்டுச் சேர்ந்தவங்க கை தூக்குங்க'' என்றார். ஒரே ஒரு கை தூக்கியது. அதுவும் பாத்ரூம் போக.

''பரவாயில்லை. நானும் இப்படி வந்தவன்தான்'' என்று சாக்பீஸை எடுத்தார். ''இன்னிக்குக் காலைல என்ன தண்ணி குடிச்சீங்க?''

''குழாய்த் தண்ணி ஸார்.''

''குழாய்க்கு எங்கேர்ந்து வந்தது?''

''லாரிலேர்ந்து ஸார்.'' (1992-ல் இது ஜோக் அல்ல.)

''அதுக்கு முன்னாடி?''

யாருக்கும் தெரியவில்லை. அவர் போர்டில் பின்னோக்கிப் போட ஆரம்பித்தார். செங்குன்றம் ஏரி. அதற்கு முன் பூண்டி நீர்த்தேக்கம். அதற்கு முன் கொசஸ்தலையாறு. அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நமக்கு மிச்சத்தைத்தான் கொண்டுவருகிறது. நமக்குப் படியளப்பது வடகிழக்குக் காற்று. அது ஈரத்தை எடுத்துக்கொண்டு வருவது வங்காள விரிகுடாவிலிருந்து.

''ஆக, நீங்க காலைல குடிச்சது வங்காள விரிகுடா. உப்பு கழிச்சு. இதுதான் பிசிகல் ஜியாகிரபி'' என்று சொல்லிவிட்டு சாக்பீஸ் தூளைத் தட்டினார். பாத்ரூம் போகக் கை தூக்கியவன் போகவே இல்லை.

ஆகஸ்ட் 18. செவ்வாய்க்கிழமை. மத்தியானம் எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். டிரில்தான் என்று முடிவு செய்து நான் ஷூ போட்டுக்கொண்டு போனேன். ஒரு நேரான இரும்புக் கம்பியை நட்டுவைத்து, வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிழல் குட்டையாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு மணி பதிமூன்று நிமிஷத்துக்குக் காணோம்! கம்பி இருக்கிறது, வெயில் கொளுத்துகிறது, நிழல் இல்லை. என் நிழலைத் தேடினேன். அதுவும் காலுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறதாம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொன்று. 23½ டிகிரியில் ஓடும் கடக ரேகையைத் தாண்டி சூரியன் வடக்கே போவதில்லை என்பதால், டெல்லிவாசிகளுக்கு இந்த பாக்கியம் ஆயுசுக்கும் கிடையாது.

''பன்னிரண்டு மணிக்குத்தானே ஸார் உச்சி வெயில்?'' என்றான் ஒருவன். நம் கடிகாரம் ஓடுவது 82½ டிகிரி தீர்க்க ரேகைக்கு. சென்னை இருப்பது 80 டிகிரி சொச்சத்தில். டிகிரிக்கு நாலு நிமிஷம். அதனால் சூரியன் நமக்கு ஒன்பது நிமிஷம் லேட். பாக்கி நாலு நிமிஷம், பூமி சாய்ந்துகொண்டு, வேகத்தையும் கூட்டிக் குறைத்துக்கொண்டு சுற்றுவதால் வருவது. (ஆபீஸுக்கு லேட்டாகப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒன்பது நிமிஷம் இயற்கையே அனுமதித்தது.)

ஸ்ட்ராலர் என்பவர் எழுதிய பாடப் புத்தகம் தலையணை சைஸ். பெரும்பாலும் அந்தப் பயன்பாட்டில்தான் இருந்தது. ஆனால் ஓடைகளுக்கு அவர் கிரேடு போட்டிருந்த கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கிளை இல்லாத குட்டி ஓடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை சேர்ந்தால் ஒரு இரண்டாம் வரிசை. ஆனால் இரண்டாம் வரிசையோடு எத்தனை முதல் வரிசைகள் வந்து கலந்தாலும் அது இரண்டாம் வரிசைதான். பிரமோஷன் வேண்டுமென்றால் சம அந்தஸ்துள்ள இன்னொன்று வந்து சேர வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னேன். முதல் தடவையாகப் பேப்பரைத் தாழ்த்தி, ''இது எங்க ஆபீஸ் விஷயமாச்சே'' என்றார்.

அடுத்த வாரம் பிராக்டிகல். ஸர்வே ஆஃப் இந்தியா ஷீட். 1:50,000. மேப்பில் இரண்டு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். கடற்கரையோரப் பகுதி என்பதால் பீரோவில் பூட்டு, ரிஜிஸ்தரில் கையெழுத்து, வெளியே கொண்டுபோகத் தடை. டிரேசிங் பேப்பரை மேலே வைத்து வரைந்துகொள்ளலாம். பழுப்புக் கோடெல்லாம் சம உயரக் கோடு. நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமவெளி.

நான் ஆர்வக்கோளாறில் எங்கள் மனையைத் தேடினேன். ரயில்வே ஸ்டேஷன், லெவல் கிராஸிங், கோயில்... அங்கிருந்து மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். அதாவது நாலு சென்டிமீட்டர். ஸ்கேலை வைத்து அளந்தேன். பென்சில் முனை போய் உட்கார்ந்த இடம் பாதி நிலா மாதிரி ஒரு நீலக் கோட்டுக்கு நட்டநடுவில்.

மறுபடி அளந்தேன். மறுபடியும் நீலம்.

''ஸார், இது என்ன ஸார்?''

''ஏரி. கரை எந்தப் பக்கம் இருக்கு பாரு.''

''கிழக்கே ஸார்.''

''ஏன்?''

''நிலம் கிழக்கே சரியுது. சரிவு பக்கம் அணைச்சாத்தான் தண்ணி நிக்கும்.''

''சபாஷ்! தமிழ்நாட்டுல இந்த மாதிரி சுமார் 39,000 ஏரி இருக்கு. ஒண்ணு நிரம்பினா கலங்கல் வழியா அடுத்ததுக்குப் போகும்.''

''ஸார்... அங்க இப்ப தண்ணியே இல்லியே? காஞ்சு கெடக்கே?''

''ஆகஸ்ட் மாசம் காஞ்சுதான் கெடக்கும். உங்கப்பா தூங்கும்போது அப்பா இல்லேன்னு ஆயிடுமா?''

அன்று ராத்திரி டிரேசிங் பேப்பரை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். ரிஜிஸ்டருக்கு எட்டு நாள்தான் இருந்தது. அவர் மேசையில் பட்டா காப்பி, வில்லங்க சர்ட்டிபிகேட், வக்கீல் ஒப்பீனியன் எல்லாம் ஒரு ஃபைலில் டேக் போட்டுக் கட்டியிருந்தது. முப்பது வருஷ சர்வீஸ் உள்ள ஃபைல் அது. என்னிடம் இருந்ததோ ஏழெட்டு பென்சில் கோடு.

''இது யார் வரைஞ்சது?''

''நான்தாம்பா.''

''நீ வரைஞ்சதை நம்பி நான் இதைக் கைவிடணும்?''

''அந்த நத்தை ஓடுப்பா...'' என்றேன். ''அன்னிக்கு வேன் ஒரு மேட்டுல ஏறி இறங்குச்சே, ஞாபகமிருக்கா? அதாம்பா ஏரிக்கரை.''

''ஸ்பீட் பிரேக்கர்னு நெனச்சேன்'' என்றார் அப்பா, மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஓசி வேன் இல்லை. ரயில், பஸ், நடை. மேட்டின் மேல் நின்று பார்த்தால் அது நீளமாக வளைந்து போனது, வரைந்த மாதிரியே. ஓரத்தில் இரண்டு கல் தூண்கள் பாதி புதைந்திருந்தன. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். அதைத் தொட்டுப் பார்த்து, ''மதகு'' என்றார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் கேட்காமலே, ''நல்ல மழைன்னா இங்க இடுப்பு வரைக்கும் நிக்கும் சாமி'' என்று கையை வைத்துக் காட்டினார்.

அப்பா ரொம்ப நேரம் அந்த வெள்ளைக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. மாம்பலம் வந்ததும், ''டீ சாப்பிடறியா?'' என்றார். எங்கள் வீட்டில் அது மன்னிப்புக் கடிதத்துக்குச் சமம்.

அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அதுவும் பதினோரு தடவை நடந்து, ஐந்நூறும் ஆயிரமுமாக. அதற்குப்பின் ஒன்பது வருஷம் வாடகை வீட்டிலேயே இருந்தோம். தண்ணிக்கு மோட்டார் போட வீட்டுக்காரர் மறுக்கும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் பார்ப்பாள். ''அந்த மனை மட்டும் இருந்திருந்தா...''

நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்தேன். ஜியாகிரபிக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெள்ளச் சேத கிளெய்ம் வரும் நாட்கள் தவிர. அந்த இடமோ நகராகி, தெருவிளக்காகி, மாடி வீடுகளாகி, விலை ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் ஆபீஸ் நண்பர், டெஸ்பாட்ச் செக்‌ஷன், நாங்கள் விட்ட மனைக்கு அடுத்த மனையை வாங்கி வீடும் கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்து அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஸ்கேலைச் சரியாக வைத்தேனா என்று.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. டெஸ்பாட்ச் அங்கிளையும் ஆன்ட்டியையும் மொட்டை மாடியிலிருந்து படகில் இறக்கினார்கள். பத்து நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஆன்ட்டி கையில் ஒரு மாத்திரை டப்பாவும் பாஸ்போர்ட் சைஸ் கல்யாண போட்டோவும் மட்டும்தான் இருந்தது.

''எத்தனாவது படி வரைக்கும் வந்துச்சு?'' என்று அப்பா கேட்டார். அவருக்கு அப்போது எழுபத்தைந்து.

''ஒம்பது.''

அப்பா எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவிலிருந்து மஞ்சளாகிப்போன ஒரு டிரேசிங் பேப்பரை எடுத்து வந்து மேசையில் விரித்தார். இதை அவர் வைத்திருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். பாதி நிலாவுக்கு நடுவில் விரலை வைத்து, ''உன் வீடு இங்க இருக்கு'' என்றார்.

அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ''இது 92-லயே இருந்துதா? ஏன்யா எங்கிட்ட சொல்லலே?''

''சொன்னேனே.''

''சொன்னே. 'என் பையன் ஏதோ கிறுக்கி வச்சிருக்கான்'னு சொன்னே.''

அப்பா பேப்பரை மடித்தார். அம்மா காபி கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஆன்ட்டியிடம் கேட்டாள்: ''இருந்தாலும் கிரவுண்டு இப்ப அங்க என்ன விலை போகுது?''