ஈஸ்டுக்கும் மனிதனுக்கும் ஒரே சாவி

கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானிய மதுவில் கண்டெடுக்கப்பட்டு, நுண்ணோக்கியின் கீழ்ச் சிறு கோலைப் போல நீண்டு, நடுவில் குறுக்குச்சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும் ஓர் அற்ப ஈஸ்டுக்காக ஒருவர் தம் வாலிபத்தை அர்ப்பணிப்பானேன் என்று வினவுவோருக்கு, உயிரணு ஆய்வாளர் பால் நர்ஸின் சரித்திரமே விடையாகும். 1970களில் எடின்பரோவில், உரிய வளர்ச்சியை எட்டுமுன், ஏறக்குறையப் பாதி அளவிலேயே பிளவுறும் குள்ள உயிரணுக்களைக் கண்ட அவர், அவற்றின் காரணத்தைப் பொறுமையுடன் தொடர்ந்து சென்று, பிரிதலுக்கு அநுமதி அளிக்கும் ஜீனை அடைந்தார். அந்த ஜீன் பழுதுபட்டுப் பிரிய இயலாமல் நின்ற ஈஸ்டுக்குள் மனித ஜீன்களைச் செலுத்திப் பார்த்தபோது, அவற்றுள் ஒன்று அப்பணியை ஏற்க, ஈஸ்ட் மீண்டும் பிரியத் தொடங்கிய செய்தி 1987இல் வெளியாயிற்று. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே வழிபிரிந்துவிட்ட இரு ஜீவராசிகளுக்கு ஒரே சாவி பொருந்தியதை எண்ணுந்தோறும் என் உள்ளம் சிலிர்க்கிறது.

கட்டுக்கடங்காத உயிரணுப் பிளவுதானே புற்றுநோய்! ஆதலின், ‘உடனடிப் பயன் யாது?’ என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொருளுதவி மறுப்பது பெரும்பிழை என்பதே என் திடமான அபிப்பிராயம். டிம் ஹன்ட், ரொட்டி ஈஸ்டை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல் ஆகியோருடன் நர்ஸ் 2001இல் பெற்ற நோபல் பரிசு, மருத்துவத்துக்கு உரியது.