பிள்ளைகள் எழுதட்டும்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுக்கிறார்கள். நல்லது. ஆனால் எதைப் பற்றி எழுத? இது லேசான கேள்வி அல்ல. இந்தக் கேள்விக்காக ஓர் ஆசிரியர் வேலை இழந்தார். 800 பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடந்தது லண்டன் மாநகரில், 1971-ம் ஆண்டில்.

லண்டனின் கிழக்கே ஸ்டெப்னி என்று ஒரு வட்டாரம். கப்பல்துறைத் தொழிலாளர்களும், தையல் பட்டறைத் தொழிலாளர்களும், பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அந்நாளில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்குள்ள சர் ஜான் காஸ் பள்ளியில் ஆங்கிலம் போதித்தவர் கிறிஸ் சர்ல் என்ற இளைஞர். அவர் தம் மாணவர்களைத் தாங்கள் குடியிருக்கும் தெருவைப் பார்த்து, தங்கள் சொந்த வார்த்தையில் கவிதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் எழுதினார்கள். தெருவின் அழுக்கும், மனிதரின் தனிமையும், மனதில் இருந்த குமுறலும் கவிதையாக வந்தன. அவற்றைப் புத்தகமாக்க விரும்பினார் ஆசிரியர்.

பள்ளி நிர்வாகக் குழுவினர் கூடாது என்றார்கள். காரணம் என்ன தெரியுமா? கவிதைகளில் சோகம் அதிகமாம்! வீட்டில் இருள் சூழ்ந்திருந்தால் அது கண்ணில் படவில்லை; பிள்ளை அதை எழுதினால் மட்டும் கண்ணை உறுத்துகிறது! சர்ல் தடையை மீறிப் புத்தகத்தை வெளியிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சேதி கேட்ட மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சுமார் 800 பேர் வகுப்பைப் புறக்கணித்து, பள்ளி வாசலில் கூடிநின்றார்கள். நகரின் நடுவிலுள்ள டிரபால்கர் சதுக்கம் வரை ஊர்வலம் போனார்கள். கூலிக்காக நடந்த வேலைநிறுத்தங்களை நாம் அறிவோம். கவிதைக்காக நடந்த வேலைநிறுத்தம் இது! ஆசிரியர் சங்கம் வழக்கை விடாமல் நடத்தியது. இரண்டு ஆண்டு கழித்து, 1973-ல் அவரை மீண்டும் வேலையில் சேர்த்தார்கள். அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் வேறு யாருமல்ல, பின்னாளில் பிரதமராகி, 1984-85-ல் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நசுக்கிய மார்கரெட் தாட்சர்! அவருடைய காலத்திலேயே அந்த நியாயம் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஸ்டெப்னியில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர் ஐசக் ரோசன்பர்க். 14 வயதில் படிப்பை நிறுத்திப் பட்டறைக்குப் போனவர். முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாகப் போய், 1918-ல் களத்திலேயே மாண்டார். இன்று அவர் கவிதைகள் உயர்ந்த இலக்கியம் என்று போற்றப்படுகின்றன. செத்துப்போன ஏழையின் எழுத்து இலக்கியம். உயிரோடிருக்கும் ஏழைப் பிள்ளையின் எழுத்து மட்டும் ஒழுங்கீனமா?

எழுது என்று சொல்லிவிட்டால் எழுத்து வந்துவிடுமா, சொல்லித்தர வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் சொல்லித்தர வேண்டும். எப்படி என்பதற்கு இத்தாலியில் ஒரு மலைக் கிராமம் வழி காட்டியிருக்கிறது. பிளாரன்ஸ் நகருக்கு அப்பால் உள்ள பர்பியானா என்ற அந்தக் குக்கிராமத்துக்கு 1954-ல் போய்ச் சேர்ந்தவர் லொரேன்சோ மிலானி என்ற பாதிரியார். குடியானவர் பிள்ளைகளுக்கு, சர்க்கார் பள்ளியில் பெயிலாகி வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு, அவர் பள்ளி நடத்தினார். அங்கே செய்திப் பத்திரிகையும் ஒரு பாடம். பத்திரிகையைக் கூடியிருந்து படிப்பார்கள். புரியாத வார்த்தையைப் புரியும்வரை விடமாட்டார்கள்.

அந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் சேர்ந்து 1967-ல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை எழுதினார்கள். ஏழைப் பிள்ளைகளையே பள்ளிக்கூடம் ஏன் பெயிலாக்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய நூல். அதை எழுதிய முறையைப் பாருங்கள். ஒவ்வொருவரும் தோன்றியதைத் துண்டுக் காகிதத்தில் குறித்தார்கள். துண்டுகளை மேஜையில் பரப்பி, ஒரே விஷயத்தைச் சொல்பவற்றை ஒன்றாக அடுக்கினார்கள். வேண்டாத சொல்லை வெட்டினார்கள். நீண்ட வாக்கியத்தை உடைத்தார்கள். பிறகு வெளியாரைக் கூப்பிட்டு, அதிகம் படிக்காதவரைக் கூப்பிட்டு, படிக்கச் சொல்லி, அவருக்குப் புரிகிறதா என்று சோதித்தார்கள். புரியாவிட்டால் திருத்தி எழுதினார்கள்.

எழுத்து என்பது சரஸ்வதி கடாட்சம், பிறவி வரம் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். அல்ல. தறி ஓட்டுவதைப் போல, நாற்று நடுவதைப் போல, பழகப் பழக வருகிற வேலைதான் அது.

மார்க்கு வருமா, வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். நோட்ஸை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கிய பையன், அப்பனின் சம்பளப் பாக்கிக்கு ஒரு மனு எழுதத் தெரியாமல் நிற்பதை நாம் பார்க்கவில்லையா? கண்டதைக் கண்டபடி எழுதத் தெரிந்த பிள்ளை பரீட்சையும் எழுதுவான், மனுவும் எழுதுவான். பத்திரிகைச் செய்தியில் எது நடந்தது, எது கட்டிச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கவும் கற்பான். அவனை ஏமாற்றுவது கடினம்.

உயர்நிலைப் பள்ளிகளில் இதற்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். பழைய இலக்கியம் தள்ளத்தக்கதல்ல; அதுவும் நம் சொத்து. அதோடு பிள்ளையின் சொந்த எழுத்துக்கும் இடம் வேண்டும். வகுப்பில் பத்திரிகை படிக்க வேண்டும். மாணவர் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றாவது ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். அதில் குடிநீர்க் குழாய் வறண்டதும் வரலாம். பள்ளிக் கூரை ஒழுகுவதும் வரலாம். அதற்காக எந்த ஆசிரியரையும் தண்டிக்கக் கூடாது.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் தொழிலாளத் தோழர்களும் விவசாயத் தோழர்களும் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டாம். என் பிள்ளை சொந்தமாக என்ன எழுதினான், என் மகள் என்ன எழுதினாள், காட்டுங்கள் என்று கேளுங்கள். ஸ்டெப்னியின் பிள்ளைகள் தங்கள் ஆசிரியருக்காகத் தெருவில் நின்றார்கள். நம் பிள்ளைகளின் எழுத்துக்காக நாம் பள்ளி வாசல் வரையாவது போக வேண்டாமா?