சிரிக்காத குரலின் இலக்கணம்

ஆங்கில மேடை நகைச்சுவையாளர் ஜாக் டீயை 'உம்மணாமூஞ்சி' என்ற ஒற்றைச் சொல்லால் அடையாளப்படுத்துவது எளிது. மேடையில் அவர் சிரிப்பதில்லை. உலகமே தம்மை வருத்தவெனப் படைக்கப்பட்டதுபோல் நிற்பார். ஆயினும் அந்த முகத்தையே அவரது கலையாகக் கொள்வது போதாது. அக்கலையின் பெரும்பகுதி குரலில் உள்ளது. மொழியியல் பயிலும் நாம் கவனிக்க வேண்டியதும் அதையே.

1961இல் பிறந்த டீ, உணவகங்களில் வேலை பார்த்துவந்தவர். 1986இல் லண்டன் காமெடி ஸ்டோர் அரங்கில் முதன்முதலாக மேடையேறினார். தொடக்கத்தில் வெற்றி எளிதாக வாய்க்கவில்லை. இனி இது வேண்டாம் என்ற சலிப்போடு ஒருநாள் மேடையேற, அச்சலிப்பே அவையைச் சிரிக்கவைத்தது என்பர். 1991இல் சிறந்த புதுமுக மேடைக் கலைஞருக்கான பிரிட்டிஷ் காமெடி விருது பெற்றார். 2006இல் தொடங்கிய 'லெட் பலூன்' தொலைக்காட்சித் தொடரில், சிறு பொய்களால் பெரும் சிக்கல்களில் மாட்டிக்கொள்ளும் நகைச்சுவையாளராகவே நடித்தார். பீட் சின்கிளேருடன் இணைந்து அதை எழுதியவரும் அவரே.

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம். டீயோ அப்புலப்பாட்டையே மறைக்கிறார். எனில், அவையோர் நகையை எங்கிருந்து பெறுகின்றனர்? சலனமற்ற முகத்திலிருந்து என்பது வழக்கமான விடை. வானொலி அவ்விடையை மறுக்கிறது.

பிபிசி வானொலி 4இல் 1972 முதல் ஒலிபரப்பாகும் 'ஐ'ம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ' நிகழ்ச்சியை நீண்டகாலம் நடத்தியவர் ஜாஸ் இசைக்கலைஞர் ஹம்ஃப்ரி லிட்டில்டன். சலிப்புற்றவர்போல் பேசுவதே அவரது பாணி. 2008இல் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டில் அப்பொறுப்பை ஏற்றோருள் டீயும் ஒருவர். பின்னர் அது அவருக்கே நிலைத்தது. வானொலி நேயருக்கு முகம் தெரியாது. ஆனாலும் அந்தச் 'சிரிக்காமை' அவர்களை எட்டுகிறது.

நகைச்சுவை சொல்வோர் பொதுவாகக் குரலை உயர்த்தியும் இடைவெளி விட்டும் 'இப்போது சிரிக்கலாம்' என்று குறிப்புணர்த்துவர். டீ அக்குறிப்பைத் தருவதில்லை. முறையீட்டுக்குரிய தாழ்ந்த ஏற்ற இறக்கத்திலேயே நகையும் வருகிறது. சொல்லுக்கும் சூழலுக்கும் இடையிலுள்ள முரணைக் கேட்பவரே கண்டறிய வேண்டும். கிரைஸ் விளக்கிய உய்த்துணர் பொருள் இங்கே முழுவீச்சில் செயல்படுகிறது.

சொற்களே நகைச்சுவை தருமே என்று கேட்கலாம். சில இடங்களில் தரும். ஆனால் அவரது பேச்சை எழுத்தாக மட்டும் பெயர்த்து உணர்வு வகைப்பாட்டுக்குக் கொடுத்தால், பல வரிகள் வெறும் புகார்களாகவே பதிவாகும். பேச்சை எழுத்தாக்கிய கணமே தரவு முழுமையடைந்துவிட்டதாகக் கருதும் பழக்கம் நம் ஆய்வுகளில் வேரூன்றிவருகிறது. இரு நொடி மௌனம், உயராத சுருதி, அவையின் சிரிப்பு எழும் கணம் ஆகியனவும் தரவுகளே.

எனவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உரைப்பெயர்ப்போடு ஒலிப்பதிவையும் பேணுங்கள், பொருள் குறிக்கும் முன் ஒருமுறையேனும் கேளுங்கள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமையும் ஒரு பொருள்தான்.