கல்லூரியே மாறலாம், ஒரு மாணவி மாறக்கூடாதா?

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி 1923-ல் தொடங்கியது. தாத்தா அங்கே படித்திருந்தால் அவர் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழக முத்திரை. அப்பா படித்திருந்தால் மதுரை முத்திரை. பேரன் படித்தால் மனோன்மணியம் சுந்தரனார் முத்திரை!

கல்லூரி ஓர் அடிகூட நகரவில்லை. பல்கலைக்கழகம்தான் மாறியது.

1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1978-ல் அதோடு காமராஜர் பெயர் சேர்ந்தது. 1990-ல் நெல்லைச் சீமைக்கே தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 2019-ல் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசிக்கும் அதுதான்.

என்ஜினீயரிங்கிலும் இதே கதை. 2007-ல் நெல்லையில் தனி அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. 2012-ல் அது மறுபடியும் சென்னை அண்ணாவோடு சேர்ந்துவிட்டது.

ஆக, அரசு நினைத்தால் ஒரு சட்டம் போதும். வரிசையாகக் கல்லூரிகள் பல்கலைக்கழகம் மாறிவிடும். ஆனால் ஒரே ஒரு மாணவி மாற நினைத்தால்? அம்மாடி, அதற்கு எத்தனை படி ஏற வேண்டும்!

நடுவழியில் நிற்கும் படிப்பு

முக்கூடலில் பீடித் தட்டு இல்லாத தெரு குறைவு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் மகளின் பஸ் செலவும் பரீட்சை பீசும்.

அப்படி ஒரு வீட்டுப் பெண் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு மதுரையில் வேலை கிடைக்கிறது. அல்லது அவளுக்கே கல்யாணமாகி சென்னைக்குப் போகிறாள். படிப்பு என்ன ஆவது?

"போற ஊர்ல சேந்துக்கலாம்ட்டி. காலேஜா இல்ல?" என்பாள் அம்மா.

காலேஜ் இருக்கிறது. நடுவில் சேர இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இடம் இருந்தாலும் பழைய இடத்தில் பாஸ் செய்த பாடத்தைப் புது இடம் ஏற்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஏற்காவிட்டால் விட்டுப்போன பாடங்களை மறுபடியும் எழுத வேண்டும். சில சமயம் முதல் வருஷத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு வருஷம் போனால் வசதியுள்ள வீட்டுக்கு அது ஒரு வருஷம். பீடி சுற்றும் வீட்டுக்கு அது படிப்புக்கே முற்றுப்புள்ளி!

பெரிய பெயரா, பெரிய மனசா?

மாற வேண்டிய கட்டாயம் வந்தால் எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலோர் பெயரைப் பார்க்கிறார்கள். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் என்றால் சும்மாவா என்கிறார்கள். பெயர் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடுவழியில் மாறுகிறவருக்கு முதல் கணக்கு அது அல்ல. பாஸ் செய்த பாடங்களில் எத்தனையை அங்கே ஒப்புக்கொள்வார்கள்? அதுதான் முதல் கணக்கு. பத்துப் பாடத்தில் ஒன்பதை ஏற்கும் சின்னப் பெயர், நாலை மட்டும் ஏற்கும் பெரிய பெயரைவிட மேல்.

இன்னொரு சங்கதியும் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள இரண்டு கல்லூரிகளுக்கு நடுவில்கூடப் பாடம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பக்கத்து ஊர்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் இரட்டை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கேரளத்தில் 2024-ல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. இங்கே பி.காம். மூன்று வருஷம். இங்கே முதல் தாளாகத் தமிழ் படித்ததை அங்கே எதில் வைப்பார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

வங்கியில் இருந்தால் போதுமா?

"இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று சிலர் சொல்லலாம். வாஸ்தவம்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் 'கிரெடிட் வங்கி'க்கு விதி வகுத்தது. பாஸ் செய்த பாடத்துக்குரிய கிரெடிட் மாணவர் கணக்கில் ஏறும். ஏழு வருஷம் வரை செல்லும் என்கிறது விதி.

நல்ல ஏற்பாடு. ஆனால் கையில் நோட்டு இருந்தால் மட்டும் போதுமா? கடைக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டாமா? கணக்கில் கிரெடிட் இருந்தாலும், சேர்த்துக்கொள்கிற இடம் 'சரி' என்று சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

டி.சி.யைக் கடைசியில் வாங்குங்கள்!

மாறப் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, முதலில் டி.சி.யை வாங்கிவிடுவது. பிறகு புது இடத்தில் 'சீட் இல்லை' என்பார்கள். பழைய இடத்திலும் பெயர் அடித்திருப்பார்கள். ஆற்றைக் கடக்கிறவன் அந்தக் கரையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்தக் கரைத் தோணியை அனுப்பிவிட்ட கதை!

முதலில் மார்க் ஷீட்டுகளையும் பாடத்திட்ட நகலையும் புது இடத்தில் காட்ட வேண்டும். எந்தப் பாடம் செல்லும், எது செல்லாது என்று எழுத்தில் வாங்க வேண்டும். வாய் வார்த்தை வேண்டாம். இன்றைக்கு 'ஆகட்டும்மா' என்று சொன்ன குமாஸ்தா நாளைக்கு வேறு சீட்டுக்குப் போயிருப்பார்.

2022-ல் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவளாக இருந்தால், இடம் மாறினால் அந்தப் பணம் என்ன ஆகும் என்பதையும் கேட்க வேண்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்கும் அதே கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் டி.சி.

எங்கேயும் இடம் கிடைக்கவில்லையா? படிப்பை விட்டுவிட வேண்டாம். 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரில் படித்த பட்டமும் சமம் என்று மானியக் குழு 2022-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 'தபால் படிப்புதானே' என்ற இளக்காரம் இனி வேண்டாம்.

ஒரு பட்டியல் போதும்

மாணவர்களுக்குப் புத்தி சொல்வதோடு முடிகிற விஷயம் அல்ல இது. பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடமை உண்டு.

நெல்லையில் படித்த எந்தப் பாடம் மதுரையில் செல்லும், சென்னையில் செல்லும் என்று ஒரு பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஏன் வெளியிடக் கூடாது? நடுவில் காலியாகும் இடங்களை ஒவ்வொரு வருஷமும் ஏன் அறிவிக்கக் கூடாது? விண்ணப்பம் கொடுத்தால் இத்தனை நாளில் பதில் என்று ஏன் கெடு வைக்கக் கூடாது? இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். கோடி ரூபாய் வேண்டாம். மனசு இருந்தால் போதும்.

இவையெல்லாம் ஒரே மாநிலத்தின் பல்கலைக்கழகங்கள். ஒரே மக்களின் வரிப் பணத்தில் நடப்பவை. கல்லூரிகளையே இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றத் தெரிந்தவர்களுக்கு, பீடிக் கூலியில் படிக்கும் ஒரு பெண் பாஸ் செய்த பாடத்தை மாற்றிக் கொடுக்கவா தெரியாது?