தோப்பு வீட்டுச் சஹனில் சகோதரியின் இடம்



பெருநாள் விடுமுறைக்கு வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் காலங்களில் நம் ஊர்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி கேட்கிறது. தெருவிலுள்ள வீடு எல்லோருக்கும் போதவில்லை. வாப்பா விட்டுச்சென்ற தோப்பு வீட்டைப் புதுப்பித்து, சமையற்கட்டை விரிவாக்கி, பெரியதோர் உணவுக்கூடம் கட்டினால் குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம் என்பதே அப்பேச்சு. எண்ணம் நல்லது. இரத்த உறவைச் சேர்த்து வாழ்பவருக்கு வாழ்வாதாரம் விரிவாக்கப்படும், ஆயுள் நீட்டிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். ஆனால் அந்தக் கூடத்திற்கு அஸ்திவாரம் தோண்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதை நம்மில் பலர் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் தோப்பு பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. இரண்டு ஏக்கர் தென்னை. நடுவில் ஓட்டு வீடு. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்தன. சமையற்கட்டின் கூரை ஓடுகள் பறந்தன. அன்று போட்ட தகரமே இத்தனை ஆண்டுகளும் கூரையாக இருந்தது. சென்ற ஆண்டு வளைகுடாவிலிருந்து வந்த தம்பி, செலவைத் தான் ஏற்பதாகவும், வேலையை நான் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறினான். வட்டிக்கடன் இன்றிக் கையிலிருக்கும் பணத்தில் முடியும் வேலை என்பதால் நானும் மகிழ்ந்து இசைந்தேன்.

திட்டத்தை நானே வரைந்தேன். பெரிய தேக்சாக்கள் ஏற்றுவதற்கான கோட்டை அடுப்பு வெளியே, தென்னை மட்டையும் விறகும் அடுக்கும் இடத்தை ஒட்டி. அன்றாடச் சமையலுக்குக் கேஸ் அடுப்பு உள்ளே. கைகழுவ முற்றத்தில் நீண்ட தொட்டி. உணவுக்கூடத்தைச் சஹனைக் கொண்டு அளந்தேன். ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் நெருக்கமின்றி அமர ஏறத்தாழ ஆறடிச் சதுரம் வேண்டும். முப்பதடி நீளம், பதினெட்டடி அகலம் இருந்தால், பரிமாறுவோர் நடக்க வழிவிட்டுப் பத்து சஹன் வைக்கலாம். நாற்பது பேர் ஒரே பந்தியில் அமரலாம். நபி (ஸல்) அவர்கள் உயர்ந்த உணவுமேசையில் உண்டதில்லை, தரைவிரிப்பில் வைத்தே உண்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மேசையில் உண்பது தடுக்கப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆகவே முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்காக ஒரு மூலையில் மேசைக்கும் இடம் ஒதுக்கினேன்.

கொத்தனார் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்ட அன்று சகோதரிகள் இருவரும் பார்க்க வந்திருந்தார்கள். தங்கை கோடுகளைச் சுற்றி நடந்துவிட்டுக் கேட்டாள்: "பத்து சஹனும் ஆம்புளைங்களுக்குத்தானா காக்கா? நாங்க எங்கே உட்கார்றது?"

இரண்டாம் பந்தியில் அமரலாம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சமைத்த பெண்கள் பரிமாறி முடித்து, சட்டியில் மிஞ்சியதைச் சமையற்கட்டு வாசலில் அமர்ந்து, ஆறிய பின் உண்பதே எங்கள் வீட்டில் இரண்டாம் பந்தி. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதுவரை பேசாதிருந்த லாத்தா அமைதியாகச் சொன்னார்கள்: "அதெல்லாம் அப்புறம் தம்பி. முதல்ல இது யாரு வீடுன்னு சொல்லு. நாங்க இங்கே விருந்தாளியா, வீட்டுக்காரங்களா?"

எனக்கு விடை தெரியும். மதரஸாவில் ஆண்டுதோறும் வாரிசுரிமைப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பவன் நான். மனைவியும், இரண்டு ஆண்மக்களும், இரண்டு பெண்மக்களும் இருக்க ஒருவர் இறந்தால், அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்தை நாற்பத்தெட்டுப் பங்காக்க வேண்டும். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 6. மீதியில் ஆண்மகன் ஒவ்வொருவருக்கும் 14. பெண்மகள் ஒவ்வொருவருக்கும் 7. அது எங்கள் குடும்பத்தின் கணக்கேதான். லாத்தாவும் தங்கையும் சேர்ந்தால் என் ஒருவனுடைய பங்கிற்குச் சமம். வாப்பா மௌத்தாகி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பலகையில் நூறு முறை பிரித்த கணக்கைத் தோப்பில் ஒரு முறையும் நான் பிரிக்கவில்லை.

பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது சிறிதாயினும் பெரிதாயினும் விதிக்கப்பட்ட பங்கு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் உணர்த்துகிறது. பங்குகளை விவரித்த பின், இவை அல்லாஹ் விதித்த வரம்புகள் என்றும், அவற்றை மீறுவோருக்குரிய தண்டனை இன்னதென்றும் அதே அத்தியாயம் எச்சரிக்கிறது. தொழுகையில் ஒரு ரக்அத் குறைந்தால் பதறுகிற நாம், சகோதரியின் ஏழு பங்கு ஒன்பது ஆண்டுகள் நம் கையில் தங்கியிருப்பதைப் பொருட்படுத்துவதில்லை.

நம்மிடம் சாக்குகள் பல உள்ளன. "அவளுக்குத்தான் வீடு கொடுத்தாயிற்றே" என்பது முதலாவது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் திருமணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் தந்தை உயிருடன் இருக்கையில் கொடுத்து ஒப்படைத்த அன்பளிப்பு வேறு. அவர் இறந்த கணத்தில் அல்லாஹ்வின் கட்டளையால் உரிமையாகும் பங்கு வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க ஷரீஅத்தில் இடமில்லை. பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதி பேணுவது தந்தையின் கடமை. அதில் குறை நேர்ந்திருந்தால், அதைக் காரணம் காட்டி மகன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை.

"தோப்பு விவசாய நிலம், அதில் பெண்ணுக்குப் பங்கில்லை" என்பது இரண்டாவது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மை. ஆயினும் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே தமிழகத்தில் நாட்டின் சட்டமும் அவளுக்கு இடம் தருகிறது, தராதிருப்பது நாம்தான்.

"அவள் கேட்கவில்லை, விட்டுக்கொடுத்துவிட்டாள்" என்பது மூன்றாவது. மிகவும் இனிமையாகப் பேசப்படும் சாக்கும் இதுவே. கேட்டால் காக்கா முகம் கோணுவார், வாப்பா வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் மௌனமாக இருப்பவள் விட்டுக்கொடுத்தவளாகமாட்டாள். ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மனப்பூர்வமான இசைவின்றிப் பிறருக்கு ஆகுமானதன்று என்பது நபிமொழியின் கருத்து. பங்கு எவ்வளவு, அதன் இன்றைய மதிப்பு என்ன என்று கணக்குச் சொல்லாமல், விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது இசைவு பெறுவதாகுமா? பங்கை முதலில் அவள் கையில் ஒப்படையுங்கள். அதன்பின் அவள் விரும்பித் தந்தால் அது அன்பளிப்பு.

தம்பியிடம் தொலைபேசியில் பேசினேன். முதலில் அவன் வருந்தினான். "குடும்பம் சேரத்தானே பணம் அனுப்பினேன், இப்போது பிரிக்கச் சொல்கிறீர்களே காக்கா" என்றான். நியாயமான வருத்தம்தான். ஆனால் பிறரின் பங்கு கலந்த நிலத்தில் அவர்களின் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவது நமக்கு ஆகுமா என்று கேட்டபோது அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வேலையை நிறுத்தினோம். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தோப்புக்கும் வீட்டுக்கும் விலை மதிப்பிட்டு, உம்மாவின் முன்னிலையில் அமர்ந்து பேசினோம். லாத்தா தம் பங்கிற்குப் பணம் பெற்றுக்கொண்டார்கள்; மகளின் திருமணத்திற்குத் தேவை இருந்ததாம். அத்தனை ஆண்டுகளில் அதை ஒருநாளும் அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. தங்கை தன் பங்கை நிலமாகவே வைத்துக்கொண்டு, கூடம் கட்ட எழுத்தில் இசைவு தந்தாள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிய பின்பே கொத்தனார் மீண்டும் வந்தார்.

வரைபடமும் மாறியது. கூடத்தின் நடுவே மரத்தடுப்பு வைத்து இருபுறமும் ஐந்தைந்து சஹன் என்றாயிற்று. சமையற்கட்டிலிருந்து பெண்கள் பகுதிக்குத் தனி வாசல் திறந்தோம். உணவைப் பாத்திரங்களில் ஆக்கி மூடி வைத்துவிட்டால், சமைத்தவர்களும் அதே பந்தியில் அமரலாம். ஆண்கள் பகுதியில் பரிமாறுவதும் பாத்திரம் எடுப்பதும் இளைஞர்களின் பொறுப்பு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன குறைவு வந்துவிடும்? தோப்பில் காய் பறிக்கும் தொழிலாளிக்கும் அதே சஹனில் இடமுண்டு என்று முடிவு செய்தோம்.

அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தை நம்மில் பலர் ஓதுகிறோம். யார் யாருடைய இல்லங்களில் நீங்கள் உண்ணலாம் என்று அது வரிசைப்படுத்துகிறது: தந்தையர், அன்னையர், சகோதரர்கள், சகோதரிகள். சகோதரியின் இல்லம் என்று தனியே குறிப்பிடப்பட்டிருப்பதைச் சிந்தியுங்கள். அவள் வந்து உண்டு போகிறவள் மட்டுமல்லள். இல்லத்திற்கு உரியவளாக இருந்து நம்மை அழைத்து உணவளிப்பவளும் ஆவாள்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள் புதிய கூடத்தில் முதல் விருந்து நடந்தது. லாத்தா, தம் பங்கைப் பணமாகப் பெற்றவர்கள், விற்றுவிட்ட வீட்டுக்கு வரத் தயங்குவார்களோ என்று அஞ்சியிருந்தேன். எல்லோருக்கும் முன்பாக வந்து கோட்டை அடுப்பில் முதல் தீயை மூட்டியவர்கள் அவர்கள்தாம்.

தோப்பு வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் சகோதரர்களே, கிரானைட்டுக்கு விலை கேட்குமுன் உங்கள் சகோதரியின் பங்கைக் கணக்கிடுங்கள். உள்ளூர் ஆலிமிடம் சென்றால் அரைமணி நேரத்தில் கணக்குத் தெரிந்துவிடும். ஒருவர் உணவு இருவருக்கும், இருவர் உணவு நால்வருக்கும் போதும் என்ற பரக்கத், பிறர் உரிமை கலவாத சஹனில் இறங்கட்டும். நம் குடும்பங்களை நீதியின் மீது ஒன்றுசேர்க்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.