ஏழாம் ஆண்டுத் தம்பிக்கு என்ன புத்தகம் குடுக்கிறது?

ஒக்டோபர் வந்தால் எங்களுக்கு இந்தக் கேள்வியும் வந்துவிடும். "தம்பி ஏழாம் ஆண்டு, தங்கச்சி எட்டாம் ஆண்டு. வாசிக்கிறதுக்கு ஏதாவது புத்தகம் சொல்லுங்கோவன்." தேசிய வாசிப்பு மாதம், பாடசாலையில் கேட்டிருப்பார்கள். கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்கள் எண்டால் புத்தகம் எல்லாம் விரல் நுனியில் இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அது பொய் என்று நாங்களும் இதுவரைக்கும் சொன்னதில்லை.

ஆனால் இந்தக் கேள்வியைச் சும்மா தட்டிக் கழிக்க ஏலாது. தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை. அது முடிந்தால் அடுத்த பெரிய கண்டம் சாதாரண தரம். நடுவில் ஆறாம் ஆண்டு தொடக்கம் ஒன்பதாம் ஆண்டு வரை நாலு வருசம் இருக்கிறது. எங்கட நாட்டில் ஒரு பிள்ளைக்குப் பெரிய பரீட்சை இல்லாமல் கிடைக்கிற கடைசி நாலு வருசம் அதுதான். இதற்குள் புத்தகத்தில் ருசி பிடித்தால் பிடித்தது. இல்லாவிட்டால் பிறகு ரியூட்டும் கடந்தகால வினாத்தாளும்தான். கம்பஸுக்கு வந்த பிறகும் விரிவுரையாளர் தந்த குறிப்பைத் தவிர ஒன்றும் வாசிக்காத ஆக்களோடு நாங்கள் படிக்கிறோம். அவர்களும் பதினொரு வயதில் கதை கேட்கத் தயாராக இருந்த பிள்ளைகள்தான்.

அந்த நாலு வருசத்தில் நாங்கள் கையில் கொடுப்பது என்ன? பரிசளிப்பு விழாவில் கிடைக்கிற நீதிக்கதைகள், பெரியார்களின் வரலாறு, பொது அறிவு வினா விடை. நரியும் காகமும் வடையும் ஆறு வயதுக்குச் சரி. பதின்மூன்று வயதில் முகம் எல்லாம் பரு போட்டு, வீட்டில் எல்லாரோடும் கோபித்துக்கொண்டு திரிகிற பிள்ளைக்கு அது அவமானம். இன்னொரு பக்கம், "நல்லா வாசிப்பான்" என்று தெரிந்தவுடனே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் தலையில் ஏற்றுவார்கள். 2022இல் படம் வந்ததுக்குப் பிறகு இது கூடிவிட்டது. வாசிக்கிற பிள்ளை வாசிக்கும்தான். வந்தியத்தேவன் குதிரையிலிருந்து இறங்க முதலே களைத்துப்போகிற பிள்ளைக்கு, வாசிப்பு தனக்கு வராது என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். கல்கிதான் வேணும் எண்டால் 'பார்த்திபன் கனவு' போதும். சின்னது, வேகமாகப் போகும்.

எங்கட அபிப்பிராயம் இதுதான்: ஒரே வகைப் புத்தகத்தையே நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. எந்தப் பிள்ளை எதில் மாட்டும் என்று யாருக்கும் தெரியாது. துப்பறிவதில் மாட்டலாம், பகிடியில் மாட்டலாம், படக்கதையில் மாட்டலாம். ஆகவே நாலு பக்கமும் தூண்டில் போட வேணும்.

துப்பறியும் கதையிலிருந்து தொடங்குவோம். சத்யஜித் ராயைப் படம் எடுத்தவராகத்தான் பலருக்குத் தெரியும். அவர் 1965இல் 'சந்தேஷ்' என்ற வங்காளச் சிறுவர் சஞ்சிகையில் ஃபெலுடா என்ற துப்பறிவாளரை உருவாக்கினார். கதையைச் சொல்வது ஃபெலுடாவின் ஒன்றுவிட்ட தம்பி தோப்சே. அண்ணையோடு ஊர் ஊராகத் திரிகிற ஒரு பெடியனின் குரல் என்பதால் வாசிக்கிற பிள்ளையும் கூடவே பயணம் போகலாம். முற்பிறப்பில் பொற்கோட்டையைக் கண்டதாகச் சொல்கிற சின்னப் பையன் ஒருவனுக்குப் பின்னால் ராஜஸ்தான் வரைக்கும் போகிற கதையை முதலில் கொடுங்கள். ஃபெலுடா தமிழிலும் வந்திருக்கிறது. வீட்டில் பெரியாக்கள் புரட்டிப் பார்த்தாலும் பறித்து வைக்க ஒன்றும் இல்லை.

படக்கதையை வாசிப்பாக ஏற்காத ரீச்சர்மாரோடு எங்களுக்கு நெடுநாள் வழக்கு உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984இல் லயன். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு முழுக்க மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கட அப்பாமாரில் எத்தனை பேர் இதை ஒளித்து வைத்து வாசித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு தடித்த நாவல் வாசித்த ஆக்களும் அதே அப்பாமார்தான். இப்போது வாசிக்கத் தயங்குகிற பிள்ளைக்கு லக்கி லூக் கொடுக்கலாம். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற ஆள். சிரித்துக்கொண்டே ஐம்பது பக்கம் முடிந்துவிடும்.

பகிடிக்கு இந்தியாவரைக்கும் போகத் தேவையில்லை. செங்கை ஆழியானின் 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருக்கிறது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். காணாமல்போன மாட்டைத் தேடி அதன் கரையோரமாக நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த நடையில் ஊர்கள் வரும், ஊர்க்கதை வரும், சண்டை வரும். தங்கட பேச்சு அச்சில் இருக்கிறதைக் காண்கிற பிள்ளைக்கு ஒரு துள்ளல் வரும் பாருங்கள், அதைப் பாடப்புத்தகம் தராது. அதே கையோடு மஹாகவியின் 'குறும்பா'வையும் கொடுங்கள். 1966இல் வந்த தொகுப்பு. ஐந்து வரி, கடைசி வரியில் ஒரு குத்து. கவிதை என்றால் பொருள் எழுதி நயப்பு எழுதுகிற சாமான் என்று பயந்துபோயிருக்கிற பிள்ளைக்கு நல்ல மருந்து. சிலது பெரியாக்களுக்கானவை, அவற்றைத் தாண்டிப் போகட்டும். அல்லது தாண்டாமல் போகட்டும், என்ன வந்தது?

எங்களுக்குக் கொஞ்சம் ஆத்திரம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடொல் தூவ'. உபாலி, ஜின்னா என்று இரண்டு பெடியள். ஊரில் செய்யாத குழப்படி இல்லை. கடைசியில் வீட்டை விட்டு ஓடி, தென்பகுதியில் ஆளில்லாத தீவொன்றில் காடு வெட்டித் தோட்டம் செய்கிறார்கள். சிங்களப் பிள்ளைகளுக்கு உபாலி பக்கத்து வீட்டுப் பெடியன் மாதிரி. எங்கட பிள்ளைகளுக்கு ஹக்கிள்பெரி ஃபின்னைத் தெரிந்த அளவுக்குக்கூட உபாலியைத் தெரியாது. இத்தனைக்கும் புத்தகம் தமிழில் இருக்கிறது. நல்லிணக்கம் பற்றி மேடை போட்டுப் பேசுகிற காசில் பாடசாலைக்குப் பத்துப் பிரதி வாங்கி வைத்திருக்கலாம். இந்தப் புத்தகத்தில் நல்லிணக்கம் என்ற சொல்லே இல்லாததுதான் விசேஷம். இரண்டு குழப்படிகாரரின் கதை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளைக்கு 'டோட்டோ-சான்'. பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளையின் ரீச்சருக்கும் அதுவே. வகுப்பில் அடங்கி இருக்க மாட்டாள் என்று முதல் பாடசாலை கலைத்துவிட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்த டோமோயிக்கு வருகிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி அவளை முன்னுக்கு இருத்தி நாலு மணித்தியாலம் அவள் கதைக்கிறதைக் கேட்கிறார். எங்களில் யாருடைய கதையையும் எந்த அதிபரும் நாலு நிமிசம் கேட்டதாக ஞாபகம் இல்லை. அது நடந்த கதை, எழுதியவரே அந்தச் சிறுமி. கடைசியில் 1945இல் விமானக் குண்டுவீச்சில் அந்தப் பாடசாலை எரிந்துபோகிறது.

இந்த இடத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். இன்றைக்கு ஏழாம் எட்டாம் ஆண்டு படிக்கிறவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். வீட்டில் பாதிக் கதை சொல்லி, மீதியைச் சொல்லாமல் நிறுத்துகிறதைப் பார்த்து வளர்கிறவர்கள். எங்கட போரைப் பற்றி வந்திருக்கிற நாவல்கள் பெரியாக்களுக்கானவை. பதின்மூன்று வயதுக்கென்று, அந்த வயதின் கண்ணால் எழுதிய ஒன்றைத் தா என்றால் நாங்கள் கையைப் பிசைகிறோம். இப்போதைக்கு ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைக் கொடுக்கிறோம். அந்தக் கொப்பி அவளுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்தது. வாசிக்கிற பிள்ளைக்கும் அதே வயது. ஆனால் எங்கட ஊர்ப் பதுங்குகுழியை விளங்கிக்கொள்ள அம்ஸ்டர்டாம் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. எழுதுகிற ஆக்கள் யாராவது இதை வாசித்தால் யோசியுங்கோ. மலையகத்து லயத்துப் பிள்ளை தன்னைக் காண்கிற சிறுவர் நாவலுக்கும் இதே கதிதான்.

விஞ்ஞானம் பிடித்த பிள்ளைக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'. மெல்லிய புத்தகம், ஒரே இருப்பில் முடியும். கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிற மாணவியின் கதை, முடிவு சோகமானது. வாசித்து முடித்த பிள்ளையோடு கொஞ்ச நேரம் இருந்து கதையுங்கள். 'குட்டி இளவரச'னை ஆறாம் ஆண்டில் கொடுக்கிறார்கள், மலைப்பாம்பு விழுங்கின யானைப் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடும். ஒன்பதாம் ஆண்டு மட்டும் பொறுங்கள்.

காசுப் பிரச்சினை விளங்குகிறது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து வருகிற புத்தகத்தின் விலையைப் பார்த்தால் எங்களுக்கே கை நடுங்குகிறது. பிரதேச சபை நூலகங்களில் அங்கத்துவம் எடுக்கச் சின்னத் தொகைதான். ஈழத்துப் புத்தகங்கள் பலவற்றை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். ஊர்ச் சனசமூக நிலையத்தில் பத்திரிகையோடு ஒரு தட்டு சிறுவர் புத்தகமும் வைக்கச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை பிடிக்கலாம். பாடசாலை நூலகத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிற புத்தகங்களின் திறப்பு யாரிடம் என்று கேட்கலாம். பெரும்பாலும் அந்த ஆள் லீவில் நிற்பார்.

புத்தகத்தைக் கொடுத்த பிறகு "என்ன படிப்பினை பெற்றாய்?" என்று மட்டும் கேட்காதேங்கோ. சுருக்கம் எழுதச் சொல்லாதேங்கோ. இருபதாம் பக்கத்தில் மூடி வைத்தால் மூடட்டும், வேறொன்றைக் கொடுங்கள். எங்களில் ஒருத்தியின் தம்பி மூன்று புத்தகத்தை அப்படித் திருப்பித் தந்துவிட்டு, போன கிழமை நாலாவதாக ஃபெலுடாவைக் கொண்டுபோனான். இன்னும் திரும்பி வரவில்லை.